வீட்டில் காளான் வளர்ப்பு: வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கையாளும் வழி

பையில் வைக்கோலை அடைத்துக் கட்டிய காளான் படுக்கையில் குண்டூசித் தலை அளவுக்கு மொட்டுகள் கொத்தாக வந்திருக்கும். நாளைக்கு இன்னும் பெரிதாகிவிடும் என்று ஆசையோடு தூங்கப் போவோம். காலையில் பார்த்தால் பாதி மொட்டுகள் பழுப்பேறிச் சுருங்கிக் கிடக்கும். முதல்முறை காளான் போடுகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். விதை (தானியத்தில் வளர்த்த காளான் இழை) சரியில்லையோ, வைக்கோலை ஒழுங்காக வேகவைக்கவில்லையோ என்று யோசிப்பார்கள். ஆனால் மொட்டு வரைக்கும் வந்த படுக்கையில் விதையும் வைக்கோலும் தங்கள் வேலையை முடித்துவிட்டன. பெரும்பாலும் அந்த இரவில் அறைக் காற்று வறண்டிருக்கும்.

காளானின் எடையில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர். செடியின் இலைக்கு மேலே மெழுகுப் பூச்சு இருக்கிறது, வெயில் ஏறினால் இலைத்துளைகளை மூடிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். காளானுக்கு இந்தக் காப்பு எதுவும் கிடையாது. சுற்றியிருக்கும் காற்று வறண்டதாக இருந்தால், உடம்பில் இருக்கும் தண்ணீரை அப்படியே கொடுத்துவிடும். அதனால்தான் காளான் வளர்ப்பில் காற்றை வளர்ப்பதே பாதி வேலை என்று நான் சொல்வேன்.

அந்தக் காற்றில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: வெப்பம், ஈரம், புதுக்காற்று. மூன்றையும் தனித்தனியாகப் பிடிக்க முடியாது. ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் அசையும். புதியவர்கள் நேராக ஸ்ப்ரேயரைக் கையில் எடுத்து ஈரத்தில் தொடங்குகிறார்கள். வெப்பத்தில் தொடங்குங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது. வெப்பத்தைச் சரியாக வைத்துவிட்டால் ஈரம் பாதி வழிக்கு வந்துவிடும்.

படி 1: விதை வாங்கும் முன் அறையை அளங்கள்

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஒன்றாகக் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வேண்டும். அதிகபட்ச, குறைந்தபட்ச அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளும் மீட்டராக இருந்தால் நல்லது. நாம் தூங்கும்போது அறையில் நடப்பதை அதுதான் சொல்லும். படுக்கை வைக்கப்போகும் அதே இடத்தில், அதே உயரத்தில் ஒரு வாரம் வையுங்கள். காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே அறையில் தரையை ஒட்டிய இடத்துக்கும் கூரையை ஒட்டிய இடத்துக்கும் மூன்று நான்கு டிகிரி வித்தியாசம் இருக்கலாம். மேற்குச் சுவர் மாலையில் சூடு கக்கும். குளியலறை பக்கத்துச் சுவர் குளிர்ச்சியாக இருக்கும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு இடத்தை முடிவு செய்தால் பின்னால் பாதி உழைப்பு மிச்சம்.

விலை குறைந்த மீட்டர்கள் வெப்பத்தை ஓரளவு சரியாகவே காட்டும். ஈரப்பதத்தில் 5, 10 சதவீதம் தவறுவது சாதாரணம். அதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் போல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து காணாமல் போய்விடக் கூடாது, மேலே உப்பு தெரிய வேண்டும். அந்த மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் பையில் வைத்துக் காற்றுப் புகாமல் மூடி, வெப்பம் மாறாத இடத்தில் ஒரு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். சாதாரண அறை வெப்பத்தில், நிறைவுற்ற உப்புக் கரைசலுக்கு மேலே இருக்கும் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மீட்டர் 69 காட்டினால் அது 6 குறைத்துக் காட்டுகிறது என்று அர்த்தம். அதை மீட்டரின் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இன்னொரு குறையும் உண்டு. 95 சதவீதத்துக்கு மேலே போனால் இந்த மீட்டர்கள் நம்பத் தகுந்தவை அல்ல. உள்ளே இருக்கும் உணரியில் பனித்துளி படிந்துவிட்டால், காற்று காய்ந்த பிறகும் 99-லேயே நின்றுகொண்டிருக்கும். அப்படி நின்றால் வெளியே எடுத்துக் காயவைத்து மறுபடி வையுங்கள்.

மீட்டர் இல்லாதவர்களுக்குப் பழைய முறை இருக்கிறது. ஒரே மாதிரி இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி, விசிறியால் காற்று படும்படி வைக்க வேண்டும். ஈரத்துணி சுற்றியது குறைவான வெப்பத்தைக் காட்டும். சுற்றாதது 25 டிகிரி காட்டும்போது வித்தியாசம் 1 டிகிரி என்றால் ஈரப்பதம் சுமார் 92 சதவீதம். வித்தியாசம் 2 என்றால் 84, 3 என்றால் 77, 5 என்றால் 63. அளந்து முடித்ததும் விசிறியை எடுத்துவிடுங்கள்.

படி 2: அறைக்கு ஏற்ற காளானைத் தேர்ந்தெடுங்கள்

பிடித்த காளானை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்காக அறையோடு போராடுவது வீண் வேலை. அறையின் ஒரு வாரக் கணக்கு கையில் இருக்கிறதல்லவா, அதை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

தொடங்குகிறவர்களுக்கு சிப்பிக்காளான்தான் என் முதல் பரிந்துரை. அதில் பல இனங்கள் இருக்கின்றன. சாம்பல் நிறச் சிப்பிக்காளானில் குளிர்ப் பிரதேச இனங்கள் 10 முதல் 20 டிகிரியில் நன்றாகப் பூக்கும், அதாவது காளான் விடும். வெள்ளைச் சிப்பிக்காளானுக்கு 20-ஐ ஒட்டி, 25 வரை சரியாக இருக்கும். இளஞ்சிவப்புச் சிப்பிக்காளான் வெயிலுக்கு அஞ்சாதது, 20 முதல் 30 டிகிரி வரை தாங்கும், ஆனால் குளிரைத் தாங்காது. எனவே விதை வாங்கும்போது சிப்பிக்காளான் என்று மட்டும் கேட்காமல் எந்த இனம், எந்த வெப்பத்துக்கு என்று கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வீணான படுக்கைகள் ஏராளம்.

அறை எப்போதும் 28, 30-க்கு மேலேதான் நிற்கிறது என்றால் பால்காளான் இருக்கிறது. 25 முதல் 35 டிகிரி வரை அதற்கு வசதி. ஆனால் படுக்கையின் மேலே மண் போர்வை போட வேண்டும், அந்த மண்ணின் ஈரத்தையும் பராமரிக்க வேண்டும், எனவே கொஞ்சம் கைப்பழக்கம் தேவை. வைக்கோல் காளானும் 30 டிகிரி வெப்பத்தை விரும்புவதுதான்.

மொட்டுக்காளான் (பட்டன் காளான்) எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அது பூப்பதற்கு 14 முதல் 18 டிகிரி வேண்டும், பக்குவமான கம்போஸ்டும் வேண்டும். குளிரூட்டிய அறை இல்லாதவர்கள் அதை முதல் முயற்சிக்கு எடுக்க வேண்டாம்.

இனி நான் சொல்லும் அளவுகள் சிப்பிக்காளானை மனதில் வைத்தவை. மற்ற காளான்களுக்கு வெப்பம் மாறும், முறை பெரிதாக மாறாது.

கொஞ்சம் கணக்கு: ஈரப்பதம் ஏன் தானாக மாறுகிறது?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இது புரிந்துவிட்டால் மீட்டரைப் பார்த்துப் பதறுவது நின்றுவிடும்.

மீட்டர் காட்டுவது ஒப்பு ஈரப்பதம். அந்த வெப்பத்தில் காற்று அதிகபட்சம் எவ்வளவு நீராவியை வைத்திருக்க முடியுமோ, அதில் இப்போது எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதுதான் அது. அந்த அதிகபட்சம் வெப்பத்தோடு சேர்ந்து வேகமாக ஏறும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 25 டிகிரியில் 23 கிராம். 30 டிகிரியில் 30 கிராம்.

இப்போது பாருங்கள். அதிகாலையில் அறை 20 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். காற்றில் இருப்பது பதினைந்தரை கிராம் நீராவி. மதியம் அறை 30 டிகிரிக்கு ஏறுகிறது. ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியே போகவில்லை, அதே பதினைந்தரை கிராம்தான். ஆனால் இப்போது காற்று 30 கிராம் கேட்கிறது, எனவே மீட்டர் 51 காட்டும். காளானுக்கு அது வறட்சி. நீங்கள் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஓய்ந்து போவீர்கள். அறையை 25-லேயே நிறுத்தியிருந்தால் ஈரப்பதம் 68-இல் நின்றிருக்கும், இரண்டு தெளிப்பில் சரியாகியிருக்கும்.

இரவில் இது தலைகீழாக நடக்கும். மாலையில் 26 டிகிரி, 85 சதவீதம் என்று அழகாக வைத்துவிட்டுப் போகிறோம். இரவில் அறை 22-க்கு இறங்கினால் அந்தக் காற்றால் அவ்வளவு நீராவியையும் வைத்திருக்க முடியாது. மிச்சம் பனித்துளியாகக் காளான் குடைகள் மேலே படியும். காலையில் குடைகள் நனைந்து கிடப்பது, இரண்டு நாளில் மஞ்சள் புள்ளி விழுவது எல்லாம் இப்படித்தான் தொடங்குகின்றன. வெப்பம் எவ்வளவு குறைவாக ஏறி இறங்குகிறதோ, ஈரம் அவ்வளவு அமைதியாக இருக்கும். வெப்பத்தில் தொடங்குங்கள் என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

படி 3: இழை பரவும் நாட்கள்

விதை போட்ட நாளிலிருந்து வெள்ளை இழை படுக்கை முழுக்கப் பரவ 15 முதல் 20 நாள் ஆகும். இந்த நாட்களில் ஈரம் காற்றில் தேவையில்லை, படுக்கைக்குள் இருந்தால் போதும். வைக்கோலின் ஈரம் 60 முதல் 65 சதவீதம் இருக்க வேண்டும். இதை அளக்கக் கருவி வேண்டாம். வெந்து ஆறிய வைக்கோலை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்து உள்ளங்கை ஈரமானால் சரி. தண்ணீர் கோடாக ஒழுகினால் இன்னும் காயவிடுங்கள். அதிக ஈரமான படுக்கையின் அடியில் தண்ணீர் தேங்கி, காற்றுப் போகாமல் புளித்த வாடை வரும். அங்கே இழை ஏறாது.

பையை மூடி வைத்திருப்பதால் ஈரம் வெளியே போகாது. எனவே இந்தக் கட்டத்தில் பைக்குத் தண்ணீர் தெளிக்காதீர்கள். அறை ஈரப்பதம் 60, 70 இருந்தால் தாராளம். இழை பரவும்போது கரியமில வாயு அதிகம் சேர்ந்தாலும் அதற்குக் கவலையில்லை, எனவே காற்றோட்டமும் குறைவாகப் போதும். வெளிச்சமும் தேவையில்லை.

வெப்பத்தில் மட்டும் கவனம் வேண்டும். அறை 24 முதல் 28 டிகிரிக்குள் இருப்பது நல்லது. ஆனால் இழை வளரும்போது அதுவே சூட்டை உண்டாக்கும். படுக்கையின் நடுப்பகுதி அறையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும், படுக்கை பெரிதாக இருந்தால் இன்னும் கூடும். அறை 31 காட்டுகிறது, பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம், உள்ளே 35-ஐத் தொட்டிருக்கும். அந்தச் சூட்டில் சிப்பிக்காளான் இழை சோர்ந்துவிடும், பச்சைப் பூசணம் உற்சாகமாகக் கிளம்பும். சூடு 40-ஐ ஒட்டி நீண்ட நேரம் நின்றால் இழையே செத்துவிடும்.

இதைத் தவிர்க்க, பைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைக்காதீர்கள். நான்கு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். குறுகலான பையாகப் பாருங்கள், விட்டம் குறைந்தால் சூடு வெளியேறுவது எளிது. ஒரு பையின் நடுவில் வெப்பமானியின் கம்பியைச் செருகி வைத்தால் உள் வெப்பம் தெரிந்துவிடும். கம்பியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுச் செருகி, ஒருமுறை செருகியதை அப்படியே விட்டுவிடுங்கள்.

படி 4: மொட்டு வரவைப்பது

பை முழுக்க வெள்ளையாகி, தொட்டால் கட்டியாக இருந்தால் தயார். இதுவரை மூடிய, இருண்ட, கதகதப்பான இடத்தில் இருந்த இழைக்கு, வெளியே வந்துவிட்டோம் என்ற செய்தியை இப்போது கொடுக்க வேண்டும். பையில் கீறல் போடுவது, வெப்பத்தை மூன்று முதல் ஐந்து டிகிரி குறைப்பது, புதுக்காற்று கொடுப்பது, வெளிச்சம் காட்டுவது, ஈரப்பதத்தை 90 முதல் 95-க்கு ஏற்றுவது, இவை எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் செய்தி.

வெளிச்சத்துக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். நேர் வெயில் படாத ஜன்னலோரம், புத்தகம் படிக்கும் அளவு வெளிச்சம், ஒரு நாளைக்கு எட்டுப் பத்து மணி நேரம் போதும்.

வெப்பத்தைக் குறைக்கக் குளிர்சாதனம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வெப்பம் குறைந்த அறைக்கு மாற்றலாம், தரைத் தளத்துக்குக் கொண்டு போகலாம், இரவில் ஜன்னலைத் திறந்து வைக்கலாம்.

மொட்டு மூன்று முதல் ஏழு நாளில் தலைகாட்டும். இதுதான் மிக மென்மையான கட்டம். மொட்டின் மேல் பகுதி ஒருமுறை காய்ந்துவிட்டால் மறுபடி தண்ணீர் கொடுத்தாலும் அது உயிர்க்காது. ஒன்றிரண்டு வாரம் தினமும் நேரம் ஒதுக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டு பையைக் கீறுங்கள். ஊருக்குப் போகும் வாரத்தில் கீறாதீர்கள்.

படி 5: ஈரத்தைப் பிடித்து வைக்க ஒரு கூடு

முழு அறையையும் 90 சதவீதத்தில் வைக்க முயலாதீர்கள். சுவரில் பூசணம் பிடிக்கும், மர அலமாரி கெடும், அந்த அறையில் மூச்சு விடுகிறவர்களுக்கும் நல்லதில்லை. படுக்கையைச் சுற்றி ஒரு சின்னக் கூடு கட்டி, அதற்குள் மட்டும் ஈரத்தை வையுங்கள்.

ஒன்றிரண்டு படுக்கை என்றால் பெரிய கண்ணாடி நிறப் பாலித்தீன் பை போதும். நான்கு குச்சிகளை நட்டுப் பை படுக்கையைத் தொடாதபடி கூடாரம் போலக் கவிழ்த்து, பக்கங்களில் விரல் நுழையும் அளவுக்கு ஏழெட்டு ஓட்டைகள் போடுங்கள். உள்பக்கச் சுவரில் தெளித்தால் ஈரம் நிற்கும்.

இதைவிட நம்பகமானது பெர்லைட் பெட்டி. பெர்லைட் என்பது எரிமலைக் கல்லைச் சூட்டில் பொரித்துச் செய்யும், ஈரத்தைப் பிடித்து வைக்கும் லேசான வெள்ளைத் துகள். 50, 60 லிட்டர் கொள்ளும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், அடி, மூடி உட்பட ஆறு பக்கமும் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக 6 மில்லிமீட்டர் ஓட்டை போட வேண்டும். பெர்லைட்டைத் தண்ணீரில் நனைத்து, நன்றாக வடித்துவிட்டு, பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு அடியில் பரப்புங்கள். பெட்டியை நான்கு கட்டைகள் மேல் தூக்கி வைத்தால் காற்று அடியிலிருந்து நுழைந்து, ஈர பெர்லைட் வழியாக ஈரத்தை எடுத்துக்கொண்டு மேலே போகும். மின்சாரம் இல்லாமல் ஈரமும் காற்றும் ஒரே நேரத்தில் கிடைக்கும் அமைப்பு இது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் பெரிய பை வைக்க இடம் போதாது, சின்னப் படுக்கைகளுக்கு மட்டும்.

நான்கைந்து படுக்கைக்கு மேல் போனால் அலமாரி அடுக்கு ஒன்றைப் பாலித்தீன் ஷீட்டால் மூடி, உள்ளே அல்ட்ராசோனிக் ஹியூமிடிஃபையரின் (தண்ணீரைப் புகை போன்ற மெல்லிய பனியாக ஊதும் கருவி) குழாயை விடலாம். ஈரப்பதக் கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைத்து, 85-க்குக் கீழே போனால் ஓடு, 92-ஐத் தொட்டால் நில் என்று அமைத்துவிட்டால் நிம்மதி. மூன்று எச்சரிக்கைகள் மட்டும். குழாயின் வாய் காளானை நேராகப் பார்க்கக் கூடாது, புகை மேலே போய்க் கலந்து இறங்க வேண்டும். உணரியை அந்தப் புகைக்கு நேரே வைக்காதீர்கள், படுக்கையின் உயரத்தில் தள்ளி வையுங்கள். உப்புத் தண்ணீராக இருந்தால் வெள்ளைத் தூள் எல்லா இடத்திலும் படியும், எனவே ஆர்.ஓ. முறையில் உப்பு நீக்கிய தண்ணீர் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவுவதையும் விட்டுவிடாதீர்கள். தேங்கிய தண்ணீரில் வளரும் கிருமியைத்தான் அது புகையாக ஊதும்.

தண்ணீர் தெளிக்கும் விதம்

மெல்லிய பனி போல வரும் ஸ்ப்ரேயர் வேண்டும். பெரிய துளியாக விழுந்தால் மொட்டுகளின் நடுவே தேங்கும். மொட்டு நிலையில் படுக்கையை நோக்கித் தெளிக்கவே வேண்டாம். சுவர், தரை, கூட்டின் உள்பக்கம், சுற்றிலும் தொங்கவிட்ட ஈரச்சாக்கு, இவற்றை நனையுங்கள். காளான் இரண்டு விரல் அகலம் ஆன பிறகு மேலே லேசாகத் தெளிக்கலாம்.

மேலே தெளித்தால் அந்த ஈரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். குடையின் மேல் தண்ணீர்ப் படலம் நாள் முழுக்க நின்றால் பாக்டீரியா பெருகி, மஞ்சளாகவோ பழுப்பாகவோ வழுவழுப்பான புள்ளிகள் விழும். எனவே கடைசித் தெளிப்பை இரவு வெப்பம் இறங்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

காளான் வளரும் நாட்களில் 80 முதல் 90 சதவீதம் போதுமானது. 100-ஐ நோக்கி ஓடாதீர்கள். காளான் தன் மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை ஆவியாக விட வேண்டும், அந்த இழுவையில்தான் படுக்கையிலிருந்து நீரும் சத்தும் மேலே ஏறும். காற்று முழுதாக நிறைந்து அசையாமல் நின்றால் அந்த ஓட்டம் மந்தமாகிவிடும்.

புதுக்காற்று: ஈரத்தோடு மல்லுக்கட்டும் தேவை

இங்கேதான் பலருக்கு வழுக்குகிறது. ஈரம் போய்விடுமே என்ற பயத்தில் கூட்டை இறுக மூடிவிடுகிறார்கள். காளான் நம்மைப் போலவே பிராணவாயுவை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடுகிறது. வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்கில் 420 பங்கு அளவுக்குக் கரியமில வாயு இருக்கும். பூக்கும் சிப்பிக்காளானுக்கு அது 1,000-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. மூடிய கூட்டில் சில மணி நேரத்திலேயே அந்த அளவைத் தாண்டிவிடும்.

அளக்கும் கருவி இல்லாவிட்டாலும் காளானைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். தண்டு நீண்டு, குடை சட்டைப் பொத்தான் அளவிலேயே நின்றுவிட்டால் காற்று போதவில்லை. இந்த அடையாளத்தைப் பார்த்த அன்றே திறப்பைப் பெரிதாக்குங்கள். நீண்டுவிட்ட தண்டு சுருங்காது, ஆனால் அடுத்த கொத்து சரியாக வரும்.

சின்னக் கூடு என்றால் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை மூடியைத் திறந்து, அட்டையால் பத்துப் பதினைந்து வீச்சு விசிறிவிட்டு, சுவரில் தெளித்து மூடுங்கள். முதலில் விசிறல், அப்புறம் தெளிப்பு. தெளித்துவிட்டு விசிறினால் போட்ட ஈரம் அத்தனையும் வெளியே போய்விடும். மின்விசிறி வைக்கிறவர்கள், கணினியில் இருப்பது போன்ற சின்ன விசிறியை டைமரோடு இணைத்து, மணிக்குச் சில நிமிடம் ஓடவிடலாம். அதன் காற்று படுக்கையில் நேராக அடிக்கக் கூடாது. சீலிங் ஃபேன் ஓடும் அறையில் திறந்த படுக்கையை வைத்தால் ஒரே நாளில் மொட்டுகள் காய்ந்துவிடும்.

வெயில் காலம், குளிர்காலம்

வெயில் காலத்தில் ஈரச்சாக்கு நல்ல துணை. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்ளும், ஈரமும் ஏறும். தரையில் மணல் பரப்பி நனைத்து வைப்பதும் இதே வேலையைச் செய்யும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. வெளியே 35 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்ற வறண்ட நாளில், இந்த முறையால் கணக்குப்படி சுமார் 24 வரைக்கும் இறக்கலாம், வீட்டு ஏற்பாட்டில் 28, 29 கிடைத்தாலே நல்லது. அதே 35 டிகிரியில் ஈரப்பதம் 80 என்றால் எத்தனை சாக்கு கட்டினாலும் 32-க்குக் கீழே இறங்காது. கடலோரப் புழுக்கத்தில் ஈரச்சாக்கை நம்பிக் குளிர்க்காளான் போட வேண்டாம். வெப்பம் தாங்கும் இனத்துக்கு மாறுங்கள்.

ஏர்கண்டிஷனர் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது காற்றைக் குளிர்விக்கும்போதே அதிலுள்ள நீரை வடித்து வெளியே தள்ளிவிடும். எனவே வெப்பம் சரியாக இருக்கும், காற்று வறண்டிருக்கும். கூட்டுக்குள் ஈரத்தைத் தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும், ஏசி காற்று கூட்டின் மேல் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் ஹீட்டரும் காற்றை வறளச் செய்யும், மேலே பார்த்த அதே கணக்குதான். இழை பரவும் பைகளுக்கு அறை முழுவதையும் சூடாக்க வேண்டியதில்லை. தெர்மகோல் பெட்டிக்குள் பைகளை வைத்து மூடினாலே அவை உண்டாக்கும் சூடு அவற்றுக்குப் போதும். மூடியில் சிறு ஓட்டைகள் விடுங்கள், வெப்பமானியையும் உள்ளே வையுங்கள், ஏனென்றால் அதே சூடு அளவுமீறவும் கூடும்.

காளான் காட்டும் அடையாளங்கள்

ஒரு மாதம் பழகிய பிறகு மீட்டரைவிடக் காளானையே அதிகம் நம்பத் தொடங்குவீர்கள். குடையின் ஓரம் காய்ந்து வெடித்தாலோ, ஓரம் பழுப்பாகிச் சுருண்டாலோ ஈரம் குறைவு, அல்லது எங்கிருந்தோ நேர்காற்று அடிக்கிறது. குடைகள் கண்ணாடி போல மினுங்கி, தொட்டால் ஒட்டினால் ஈரம் அதிகம், காற்று குறைவு. தண்டின் அடியில் வெள்ளைப் பஞ்சு போல இழை படர்ந்திருந்தால் கரியமில வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். இழை நன்றாகப் பரவியும் பத்து நாளாக மொட்டே வரவில்லையென்றால் முதலில் வெப்பத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அந்த இனத்துக்கு அறை சூடாக இருக்கும். பச்சைத் திட்டு எழுந்தால் அந்தப் பையை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். அங்கேயே கிளறிப் பார்க்காதீர்கள், அதன் தூள் மற்ற படுக்கைகளுக்குப் பறக்கும்.

ஒரு அடையாளத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஒரு நாள் பொறுத்திருந்து பாருங்கள். தெளிப்பைக் கூட்டி, திறப்பையும் மாற்றி, இடத்தையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும். தேதி, காலை மாலை வெப்பம், ஈரப்பதம், என்ன செய்தோம் என்று நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது படுக்கை போடும்போது அதன் அருமை தெரியும்.

அறுவடையும் அடுத்த சுற்றும்

மொட்டு தெரிந்த நான்கு முதல் ஆறு நாளில் பறிக்கலாம். குடையின் ஓரம் உள்பக்கம் வளைந்திருந்து, விரியத் தொடங்கும் நேரம்தான் சரியான பதம். ஓரம் மேல்நோக்கித் திரும்பும் வரை விட்டால் வித்துத் தூள் கொட்டும். மூடிய அறையில் அந்தத் தூளை நாள்கணக்கில் மூச்சில் இழுத்தால் நுரையீரலில் ஒவ்வாமை வரலாம். பதத்தில் பறிப்பதும், பறிக்கப் போகும்போது மாஸ்க் போட்டுக்கொள்வதும் நல்லது. பறிப்பதற்கு முன்பு சில மணி நேரம் தெளிப்பை நிறுத்துங்கள், நனைந்த காளான் சீக்கிரம் கெட்டுப்போகும்.

கொத்தை முழுதாகத் திருகி எடுத்து, மிச்சமிருக்கும் தண்டுத் துண்டுகளைச் சுத்தம் செய்துவிடுங்கள். ஓரிரு நாள் படுக்கையை ஓய்வாக விட்டு, பிறகு கையால் தூக்கிப் பாருங்கள். முதல் நாள் இருந்ததைவிட மிகவும் லேசாக இருந்தால், காற்றில் மட்டும் ஈரம் கொடுத்து அடுத்த சுற்றை எதிர்பார்க்க முடியாது. படுக்கையைச் சில மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, நன்றாக வடியவிட்டு, மறுபடி கூட்டுக்குள் வையுங்கள். ஏழு முதல் பத்து நாளில் இரண்டாவது மொட்டு வரும். பொதுவாக மூன்று சுற்று எடுக்கலாம், ஒவ்வொரு சுற்றிலும் விளைச்சல் குறைந்துகொண்டே போகும். மூன்றாவதுக்குப் பிறகு படுக்கை மென்மையாகித் தளர்ந்திருந்தால் அதை உரக்குழியில் போட்டுவிட்டு, கூட்டைக் கழுவி வெயிலில் காயவைத்து, அடுத்த பையை உள்ளே வையுங்கள்.